விதைத்த நெல்லும் அறுத்த நெல்லும்

நெடுங்கதை ஒன்றைத் தொடங்குவது எளிது. நடத்திச் செல்வது அரிது. முடிப்பது அதனினும் அரிது. தொடங்கும்பொழுது ஆசிரியர் எதையும் கூறலாம், எவரையும் படைக்கலாம். முடிக்கும்பொழுதோ, அவர் முன்னமே கூறியவை எல்லாம் கடன் கொடுத்தவரைப் போல வாயிலில் வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கணக்குத் தீர்த்தாக வேண்டும். பல பாகங்களாக வரும் கதையின் இறுதிப் பாகத்தைக் கையில் எடுக்கும் வாசகர் நெஞ்சில் ஆவலோடு சிறிது அச்சமும் கலந்திருப்பது இதனால்தான்.

பினாங்கில் இடைநிலைப் பள்ளியில் பயிலும் என் தங்கை மகள், சென்ற பள்ளி விடுமுறையின்போது மூன்று ஆங்கில நூல்களைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். "மாமா, முதல் இரண்டையும் கீழே வைக்க மனமில்லாமல் படித்தேன். மூன்றாவதைப் படித்து ஏமாந்துபோனேன். கதைத் தலைவி செத்துப் போனதற்காக என் தோழிகள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை; கோபந்தான் வந்தது. ஏன் என்று தெரியவில்லை" என்றாள். திரைப்படத்தைப் பார்த்த ஆவலால் என்னிடமிருந்து பொன்னியின் செல்வனை வாங்கிப் படித்தவளும் அவளே. "அதிலும் கடைசிப் பாகத்தில் இப்படித்தான் ஏதோ ஒன்று இடறியது" என்று போகிற போக்கில் சொல்லிச் சென்றாள்.

சிகாகோ நகரத்துக் கதைக்கும் சோழநாட்டுக் கதைக்கும் என்ன தொடர்பு என்று முதலில் எண்ணினேன். மூன்று நூல்களையும் படித்தபின், கல்கியின் ஐந்தாம் பாகத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். பிள்ளை சொன்னது சரி. இரண்டு கதைகளும் இடறுவது ஒரே கல்லில்தான். அந்தக் கல் எது என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரையாசிரியர் தந்த அளவுகோல்

கதையின் முடிவை அளக்க நமக்கு அயல்நாட்டு அளவுகோல் வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்துக்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் நாடகக் கதையின் போக்கை ஐந்து சந்திகளாகப் பகுத்துக் காட்டுகிறார். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்பன அவை. அவற்றை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உவமை உழவுத் தொழில். உழுது பண்படுத்திய புழுதியில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து கருக்கொண்டு நிற்பது கருப்பம். கதிர் ஈன்று முற்றித் தலைசாய்வது விளைவு. அறுத்துப் போரிட்டுத் தூற்றி, நெல்லை வீட்டுக்குக் கொண்டுசென்று உண்டு மகிழ்வது துய்த்தல்.

செபராங் பிறையின் வயல்களைக் கண்டு வளர்ந்தவர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க விதி ஒன்று உண்டு. எந்த வித்தை விதைத்தோமோ அதன் நெல்லையே அறுக்க வேண்டும். வெள்ளம் வந்து பயிர் அழிந்துபோவதும் உண்டு, அது துன்பம். அதனால் உழவனைக் குறைகூற மாட்டோம். ஆனால் ஒரு நெல்லை நட்டுவிட்டு, அறுவடை நாளில் எங்கிருந்தோ வேறொரு நெல்லைக் கொண்டுவந்து கொட்டி, 'இதோ என் விளைச்சல்' என்று சொன்னால், அந்நெல் எவ்வளவு உயர்ந்ததாயினும் நாம் ஏமாந்தவரே ஆவோம்.

கதையில் வித்து என்பது யாது? நிகழ்ச்சி அன்று, கதைமாந்தரும் அன்று. முதற்பாகம் நம் நெஞ்சில் எழுப்பிவிடும் வினாவே வித்து. துய்த்தல் என்பது அவ்வினாவுக்குரிய விடை. விடை இனியதாக இருக்கலாம், கசப்பாகவும் இருக்கலாம். அது அந்த வினாவின் விடையாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

ஐந்து கிண்ணங்கள்

வருங்காலத்தில் ஒரு கொடிய ஆட்சியமைப்பைக் கற்பனை செய்து, அதன் வாயிலாக நிகழ்காலத்தை எச்சரிக்கும் கதைகளை 'டிஸ்டோப்பியா' என்று வழங்குவர். அல்டஸ் ஹக்ஸ்லி 1932ஆம் ஆண்டிலும் ஜார்ஜ் ஆர்வெல் 1949ஆம் ஆண்டிலும் வெளியிட்ட புதினங்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை. தமிழில் சுஜாதா 1980களில் 'என் இனிய இயந்திரா'வை எழுதி நம் வாசகர்க்கும் இதனைப் பழக்கினார். சூசன் காலின்ஸ் 2008 முதல் 2010 வரை மூன்று பாகங்களாக வெளியிட்ட 'ஹங்கர் கேம்ஸ்' பெற்ற பெரும் வெற்றிக்குப் பின், பதின்ம வயதினர்க்கென்றே இத்தகைய தொடர்கள் பெருகின. அவற்றுள் ஒன்றுதான் என் மேசைக்கு வந்த நூல் தொகுதி.

அதன் ஆசிரியர் வெரோனிக்கா ராத் 1988இல் பிறந்தவர். பல்கலைக்கழக மாணவியாக இருந்தபொழுதே முதல் நூலை எழுதியவர். 'டைவர்ஜென்ட்' 2011இலும், 'இன்சர்ஜென்ட்' 2012இலும், இறுதி நூலாகிய 'அலீஜியன்ட்' 2013 அக்டோபரிலும் வெளிவந்தன. மூன்றாவது நூல் வந்தபொழுது அவருக்கு வயது 25.

முதல் நூலின் கற்பனை எளியது, வலியது. பெரும்போர் ஒன்றுக்குப் பின், வேலி சூழ்ந்த சிகாகோ நகரில் எஞ்சிய மக்கள் ஐந்து பிரிவுகளாக வாழ்கின்றனர். தன்னல மறுப்பு, அமைதி, வாய்மை, வீரம், அறிவு என்ற ஐந்தில் ஒன்றை ஒவ்வொரு பிரிவும் தலையாய அறமாகக் கொண்டது. பதினாறு வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சோதனை நடக்கும். எந்தப் பிரிவுக்கு ஏற்றவர் என்பதை அது கூறும். ஆயினும் முடிவு பிள்ளையின் கையில். மறுநாள் ஊரார் கூடிய அவையில், கையைக் கீறி, ஐந்து கிண்ணங்களுள் தான் விரும்பிய ஒன்றில் குருதியைச் சிந்த வேண்டும். பெற்றோரின் பிரிவை விட்டு வேறொன்றைத் தேர்ந்தால், அன்றோடு வீட்டுத் தொடர்பு அற்றுப்போகும். எங்கும் சேராதவர் தெருவில் அலைவர்.

தன்னல மறுப்புப் பிரிவில் பிறந்த பியாட்ரிஸ் என்ற பெண் வீரர் பிரிவின் நெருப்புக் கிண்ணத்தில் தன் குருதியைச் சிந்துகிறாள். டிரிஸ் என்று பெயரை மாற்றிக்கொள்கிறாள். அவள் அண்ணன் கேலப் அறிவுப் பிரிவுக்குப் போகிறான். ஒரே நாளில் இரண்டு பிள்ளைகளையும் இழந்த பெற்றோர் அவையில் அமர்ந்திருக்கின்றனர். சோதனையோ அவளை எந்த ஒரு பிரிவிலும் அடக்க முடியாமல் தோற்றுவிட்டது என்பது அவள் மறைத்து வைத்திருக்கும் கமுக்கம்.

இளையோர் இந்நூலை ஏன் விரும்பினர் என்பதை விளக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகளும் பதினாறு வயதில்தான் நான்காம் படிவத்தில் நிற்கின்றனர். எந்தப் பாடம், எந்தத் துறை, எந்தத் தொழில் என்று தேர்வுத்தாள் ஒன்று சொல்கிறது. பெற்றோர் ஒன்று சொல்கின்றனர். நெஞ்சம் ஒன்று சொல்கிறது. தோட்டத்திலிருந்து நகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு குரலும் கேட்டதுண்டு. 'பால்மரம் சீவியவன் பிள்ளைக்கு இது எதற்கு?' என்பது அது. ஒருவர் யார் என்பதை உறுதி செய்வது அவருடைய பிறப்பா, பிறர் வைக்கும் சோதனையா, அவரே செய்யும் தேர்வா? இதுவே அம்முதல் நூல் விதைத்த வித்து. நல்ல வித்து, நம் மண்ணிலும் முளைக்கக்கூடிய வித்து.

சாவு குறையன்று

இறுதி நூலில் டிரிஸ் இறக்கிறாள். தொடர்கதையில் இரண்டு நூல்கள் முழுதும் தன் வாயாலேயே கதை சொல்லி வந்த தலைவி, மூன்றாம் நூலின் முடிவுக்கு முன்பே சுட்டுக் கொல்லப்படுகிறாள். வாசகரிடையே பெருங்கூக்குரல் எழுந்தது. ஆசிரியர் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. இம்முடிவு முதலிலிருந்தே தாம் எண்ணியிருந்தது என்றும், பெற்றோர் காட்டிய தன்னல மறுப்பின் உண்மைப் பொருளை அவள் உணர்ந்து அடையும் இடம் அது என்றும் அவர் கூறினார்.

இதில் நாம் ஆசிரியர் பக்கமே நிற்கலாம். தலைவன் அல்லது தலைவி இறப்பதனால் ஒரு கதை கெட்டுவிடும் என்றால் சிலப்பதிகாரம் மதுரைக் காண்டத்தோடு கெட்டிருக்க வேண்டும். கோவலன் வெட்டுண்டு வீழ்கிறான். நாம் நூலை எறிந்துவிடுவதில்லை. காப்பியத்தின் பதிகமே மூன்று உண்மைகளை நிலைநாட்டுவது நூலின் நோக்கம் என்று முன்கூட்டி அறிவித்துவிடுகிறது. மதுரையின் நெருப்பும் வஞ்சியின் கற்கோயிலும் அந்த வித்தின் விளைவுகள். வஞ்சிக் காண்டம் ஒட்டுப்போட்டது போன்றது என்று வாதிடுவோர்க்கும், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர் என்ற இரண்டாம் கருத்து அங்கன்றி வேறெங்கே நிறைவு பெறும் என்பதே விடை.

டிரிஸின் சாவும் அப்படி அமைந்திருக்கலாம். முதல் நூலில் அவள் தாய் மகளைக் காக்க உயிர் விடுகிறாள், தந்தையும் அவ்வாறே. இறுதியில், சாவு உறுதியான பணிக்குச் செல்ல இருந்த அண்ணனைத் தடுத்துத் தானே செல்கிறாள். தன்னைப் பகைவரிடம் காட்டிக்கொடுத்த அண்ணன் அவன். கழிவிரக்கத்தால் சாகத் துணிந்தவனை, அன்பினால் சாகத் துணிந்தவள் காப்பாற்றுகிறாள். தனியே எடுத்துப் பார்த்தால் உயர்ந்த காட்சி இது. என் தங்கை மகளின் தோழியர் அழுததில் வியப்பில்லை. ஆயினும் இவள் அழவில்லையே! கோபம் அல்லவா கொண்டாள்? அக்கோபத்தின் வேர் சாவுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு முன்பே இருக்கிறது.

வினா மாறிய இடம்

இறுதி நூலில் டிரிஸும் அவள் காதலன் டோபியாஸும் நண்பர் சிலரும் வேலியைத் தாண்டி வெளியே செல்கின்றனர். பழைய விமான நிலையம் ஒன்றில் இயங்கும் ஆய்வுக்கூடத்தை அடைகின்றனர். அங்கே உண்மை வெளிப்படுகிறது. நகரம் முழுவதும் ஓர் ஆய்வுக்களம். முன்னொரு காலத்தில் மனிதரின் மரபணுக்களைத் திருத்தப்போய், அவை சிதைந்துவிட்டன. சிதைந்தவை தலைமுறைகள் கடந்து தாமே சீர்படுமா என்று பார்க்கவே வேலியிட்ட நகரங்கள். எந்தப் பிரிவிலும் அடங்காதவர் எனப்பட்டோர், மரபணு சீர்பட்டவர்; அவ்வளவே.

இங்கேதான் நெல் மாறியது. 'நான் யாராக இருக்கத் தேர்கிறேன்?' என்று தொடங்கிய கதை, 'என் உடம்பில் எந்த அணு இருக்கிறது?' என்று முடிகிறது. ஐந்து கிண்ணங்களின் முன் நடுங்கி நின்ற பெண்ணின் துணிவு, ஒரு நொடியில் ஆய்வுக்கூடத்தின் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. ஐந்து பிரிவுகள் ஏன் தோன்றின, அவற்றில் நன்மை என்ன, தீமை என்ன, அவை இல்லாமல் மக்கள் எப்படிக் கூடி வாழ்வர் என்னும் வினாக்கள் நகரத்தோடு பின்னே நின்றுவிட்டன. பிரிவுகளை மீண்டும் நிலைநாட்ட விரும்புவோரின் கூட்டம் ஒன்று இறுதி நூலின் தலைப்புக்கே பெயர் தந்திருக்கிறது. ஆயினும் அதன் வாதத்தை முழுமையாக எடுத்துரைக்க நூலில் இடமில்லை.

ஆசிரியர்க்கு நேர்மை செய்ய வேண்டும். தூய மரபணு, சிதைந்த மரபணு என்று மக்களைப் பிரிப்பது கொடுமை என்றே அவர் எழுதுகிறார். சிதைந்தவன் என்று அறிவிக்கப்பட்ட டோபியாஸ் உள்ளம் உடைவதையும், அந்தப் புண்ணோடு தவறான கலகத்தில் சேர்ந்து நண்பன் ஒருவனின் சாவுக்குக் காரணமாவதையும் காட்டுகிறார். கருத்தளவில் பிறப்பு வேற்றுமையை அவர் மறுக்கிறார். ஆனால் கதையின் கட்டமைப்பு அக்கருத்தை மறுக்கிறது. சோதனையில் தூயவள் என்று தெளிந்தவள் டிரிஸ். எவரையும் கொல்லும் நச்சு மருந்தைத் தாங்கி நடப்பவளும் அவளே. அவளை நடத்திச் சென்றது நெஞ்சுரமா, குருதியா? நூல் இதைத் தெளிவாக்கவில்லை. தெளிவாக்காதவரை, முதல் நூலில் நாம் போற்றிய துணிவின்மேலும் ஐயத்தின் நிழல் விழுகிறது.

மற்றொரு குறையும் உண்டு. நகர மக்களின் நினைவுகளை அழித்துவிட ஆய்வுக்கூடத்தார் திட்டமிடுகின்றனர். அதைக் கொடுஞ்செயல் என்று கண்டிக்கும் இளைஞர்கள், அதே மருந்தை ஆய்வுக்கூடத்தார்மீது வீசி அவர்கள் நினைவுகளை அழிக்கின்றனர். சிறிது தயங்குகின்றனர், தயக்கம் விரைவில் கலைகிறது. படைக்கலம் மாறவில்லை, அதைப் பிடித்த கைதான் மாறியது. தேர்வுரிமையைப் பற்றிய கதையில், பிறரின் தேர்வுரிமையைப் பறித்து வெற்றி பெறுவது எத்துணைப் பெரிய முரண்! இம்முரணை எதிர்கொண்டிருந்தால் நூல் உயர்ந்திருக்கும். தலைவியின் சாவு அதை நாம் நினையாதபடி மூடிவிடுகிறது.

கதை சொல்லும் முறையும் மாறிவிட்டது. முன்பு டிரிஸ் ஒருத்தியே பேசினாள். இறுதி நூலில் அவளும் டோபியாஸும் மாறி மாறிப் பேசுகின்றனர். தலைவி இறந்தபின் கதையைத் தொடர ஒரு வாய் வேண்டுமே என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது என்பது கூர்ந்து படிப்பவர்க்கு முன்பே புலனாகிவிடும். அத்தோடு, இருவர் பேச்சும் ஒரே பேச்சாக இருக்கிறது. அத்தியாயத்தின் தலைப்பில் உள்ள பெயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தே பேசுபவர் யார் என்று அறிய வேண்டியிருக்கிறது.

இத்தொடரின் திரைப்படங்களுக்கும் இதே கதி நேர்ந்தது. இறுதி நூலை இரண்டு படங்களாகப் பிரித்து எடுக்கத் திட்டமிட்டனர். 2016இல் வந்த முதற்பாதி தோல்வியுற்றது. இரண்டாம் பாதி எடுக்கப்படவே இல்லை.

நம் வீட்டுக் கதை

இனி நம் கல்கிக்கு வருவோம். பொன்னியின் செல்வன் கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து வந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள். இறுதிப் பாகம் மட்டும் 91 அத்தியாயங்கள் கொண்டது. கப்பலில் வரும் இதழுக்காகப் பினாங்கு மார்க்கெட் வீதிக் கடைகளில் காத்திருந்ததை என் தந்தையார் கதை கதையாகக் கூறுவார். வானம் தெளிந்த நாளில் நம் தீவிலிருந்து பார்த்தால் தெரியும் ஜெராய் மலையின் அடிவாரமே பழைய கடாரம். அருள்மொழியின் மகன் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் படை செலுத்திய நாடு அது. ஆகவே சோழர் கதை நமக்கு அயலார் கதை அன்று.

அந்தக் கதை முடிந்தபொழுதும் வாசகர் மனக்குறை கொண்டனர். வந்தியத்தேவன் குந்தவையை மணந்தானா? நந்தினி என்ன ஆனாள்? ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? இவற்றை எல்லாம் சொல்லாமல் விட்டது முறையா? கல்கி தனியே முடிவுரை எழுதி விடை கூறினார். முற்றிலும் கற்பனையான கதையில் எல்லாருடைய வாழ்வையும் சொல்லி முடிக்கலாம். வரலாற்றுக் கதைக்கு அப்படி ஒரு முற்றுப்புள்ளி இல்லை என்பது அவர் விளக்கத்தின் சாரம். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அவர் மறைந்தார். விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார்.

வாசகர் சொன்ன குறைகளில் பெரும்பாலானவை குறைகளே அல்ல என்பது என் கருத்து. வந்தியத்தேவரின் தேவியார் குந்தவைப் பிராட்டியார் என்று தஞ்சைக் கல்வெட்டு கூறுகிறது. கொலையைப் பற்றியோ கல்லும் தயங்குகிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தாரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அது குறிக்கிறது. அவர்களைத் தூண்டியவர் எவரேனும் உண்டா என்பதை அது கூறவில்லை. நீலகண்ட சாத்திரியார் உத்தம சோழன்மேல் ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். அறிஞர் இருவர் உடன்படாத இடத்தில் கதாசிரியர் திரையை முழுதும் விலக்காமல் விட்டது நேர்மையே. கடம்பூர் மாளிகையின் அந்த இருள் நூலின் வலிமைகளுள் ஒன்று. மணிமேகலையின் சாவோடு கதையை நிறுத்தியதும் பழுதன்று.

செப்பேட்டின் வினா

அப்படியானால் இடறிய கல் எது? முதற்பாகத்துக்குத் திரும்புவோம். கடம்பூரில் நள்ளிரவில் சிற்றரசர் கூடுகின்றனர். சுந்தர சோழருக்குப் பின் யார் பட்டத்துக்கு உரியவர் என்று ஆராய்கின்றனர். பெரியப்பாவாகிய கண்டராதித்தரின் மகன் மதுராந்தகனுக்கே உரிமை என்கிறார் பெரிய பழுவேட்டரையர். சூழ்ச்சிக் கூட்டந்தான், ஆயினும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மூத்த கிளையின் மகன் இருக்க இளைய கிளை ஏன் ஆள வேண்டும்? ஒருபுறம் உரிமையும் ஆசையும் உடைய மதுராந்தகன். மறுபுறம் தகுதியும் மக்கள் அன்பும் உடைய அருள்மொழி. ஆசை கொண்டவன் முன் தகுதி கொண்டவன் என் செய்வான்? இதுவே கல்கி விதைத்த வித்து.

இவ்வித்து அவர் கற்பனையன்று. இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு இதைச் சொல்கிறது. மக்கள் வேண்டியும், தன் சிற்றப்பன் அந்நாட்டை விரும்பும்வரை அருள்மொழி அதை மனத்தாலும் விரும்பவில்லை என்பது அச்செப்பேட்டின் கருத்து. இங்கே 'விரும்பும்வரை' என்பதில்தான் துறவின் எடை முழுவதும் இருக்கிறது. விரும்புகிறவனுக்காக விலகி நிற்பது எளிதன்று. தன்னைவிடத் தகுதி குறைந்தவன் என்று ஊர் நினைக்கும் ஒருவன் அரியணையில் அமர்வதை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உத்தம சோழனின் ஆட்சி முடிந்து 985இல்தான் இராசராசன் அரியணை ஏறினான்.

ஐந்தாம் பாகம் என்ன செய்கிறது? மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் மகனே அல்லன் என்கிறது. குழந்தைப் பருவத்தில் ஆள்மாற்றம் நிகழ்ந்துவிட்டது. அரியணைக்கு ஏங்கியவன் பாண்டிய நாட்டுச் சூழ்ச்சியாளரோடு போய்ச் சேர்கிறான். கோயிலுக்குப் பூத்தொடுத்து வந்த சேந்தன் அமுதனே உண்மையான மதுராந்தகன். அரசு வேண்டாம் என்று ஒதுங்கும் சிவத்தொண்டன் அவன். அருள்மொழி தனக்கென்று வந்த முடியை எடுத்து அவன் தலையில் சூட்டுகிறான். அவை வியக்கிறது, நாமும் கண்ணீர் மல்குகிறோம். ஆனால் நூலை மூடியபின் நெஞ்சம் கேட்கிறது: ஆசைப்பட்டவன் எங்கே? அவனுக்கு என்ன விடை?

கேளாதவனுக்குக் கொடுப்பது வள்ளன்மை. கேட்டு நிற்பவனுக்காக விலகுவது துறவு. செப்பேடு பேசுவது பின்னதை. தியாகச் சிகரம் காட்டுவது முன்னதை. கடம்பூரில் எழுந்த உரிமை வழக்குக்கு அறத்தால் தீர்ப்பு வரவில்லை. பிறப்பின் மறைபொருளால் தீர்ப்பு வந்தது. அரசாளத் தகாத ஆசைக்காரன் அரச குடும்பத்துப் பிள்ளையே அல்லன் என்று ஆகிவிட்டது. அடக்கமுள்ளவன் அரச குடும்பத்துப் பிள்ளை ஆகிவிட்டான். குணம் குருதியில் இருந்தது போலும்!

கல்கி இந்த ஆள்மாற்றத்தைத் திடீரெனப் புகுத்தவில்லை. ஊமை ராணியின் கதையிலும் செம்பியன் மாதேவியின் தயக்கங்களிலும் அதற்குரிய குறிப்புகளை நெடுகத் தூவியிருக்கிறார். தொழில் திறத்தில் அவர் ராத்தைவிட மிக உயர்ந்தவர். மறைபொருளை முன்பே விதைத்தார் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் வயலில் இரண்டு வித்துகள் விழுந்திருந்தன. பெரிய வித்தை விட்டுவிட்டுச் சிறிய வித்தின் கதிரையே அவர் அறுத்தார். 2023இல் வெளிவந்த மணிரத்தினத்தின் இரண்டாம் படத்தில் ஆயிரம் குறைகள் சொல்லலாம். அது ஆள்மாற்றத்தை விலக்கி, முடிக்கு ஆசைப்பட்ட மதுராந்தகனுக்கே அருள்மொழி முடி சூட்டுவதாக அமைத்தது. அந்த ஓர் இடத்தில் அது செப்பேட்டின் அருகில் சென்றது.

பிறப்பு என்னும் எளிய வழி

இரு கதைகளும் இடறிய கல் இப்போது தெரிகிறது. இரண்டும் மனிதன் செய்யும் தேர்வைப் பற்றி வினா எழுப்பின. இரண்டும் பிறப்பைப் பற்றிய செய்தியை விடையாகத் தந்தன. ஒன்றில் மரபணு, மற்றொன்றில் மாறிப்போன குழந்தை. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கதையிலும், நூறு ஆண்டுக்குப் பிந்திய கதையிலும் ஆசிரியர்க்குக் கைகொடுக்க அதே பழைய கருவி வந்து நிற்கிறது. ஏனெனில் அது எளிது. தேர்வின் முடிச்சை அவிழ்க்கக் கதைமாந்தர் துன்புற வேண்டும். ஆசிரியரும் துன்புற வேண்டும். பிறப்பின் முடிச்சையோ ஒரு கிழவியோ ஓர் ஆய்வாளரோ வந்து ஒரே உரையில் அவிழ்த்துவிடலாம்.

முதிர்ந்த வாசகர் இதைக் கதையின் உத்தி என்று எண்ணிக் கடந்து போவர். பதினாறு வயது வாசகர்க்கு அது அவ்வளவு எளிதன்று. 'நீ யார் என்பதை நீயே முடிவு செய்யலாம்' என்று முதற்பாகம் அவர் காதில் சொல்லியிருக்கிறது. அதை நம்பித்தான் அவர் நூறு நூறு பக்கங்கள் உடன் நடந்தார். இறுதியில், 'அது உன் குருதியில் முன்பே எழுதப்பட்டிருந்தது' என்று கேட்கும்போது, கதையில் மட்டுமன்றி வாழ்விலும் யாரோ கதவைச் சாத்தியது போல் இருக்கும். தோட்டத்துப் பிள்ளைகளிடம் ஊர் சொன்னதும் அதுதானே? என் தங்கை மகளுக்கு வந்த கோபம் நல்ல கோபம். அவள் முதல் நூலை ஒழுங்காகப் படித்திருக்கிறாள் என்பதற்கு அது சான்று.

இக்காரணத்தால் அந்நூல்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று நாம் கூற மாட்டோம். கல்கியின் ஐந்தாம் பாகத்தில் நாகைப் புயலும், பெரிய பழுவேட்டரையரின் வீழ்ச்சியும், நந்தினி விடைபெறும் காட்சியும் தமிழுக்கு வாய்த்த செல்வங்கள். ராத்தின் முதல் நூல் எந்த மொழிப் பிள்ளையும் படிக்கத்தக்கது. முடிவு பிழைத்தாலும் வினா பிழைக்கவில்லை. விடை நிறைவு தராதபோது அவ்வினா வாசகரிடமே திரும்பி வருகிறது.

நம் நாட்டில் இளையோர்க்கெனத் தமிழில் தொடர்கதை எழுதுவோர் இன்னும் சிலரே. எழுத முன்வருவோர்க்கு அடியார்க்குநல்லாரின் உழவனை நினைவூட்ட விரும்புகிறேன். இறுதிப் பாகத்தின் முதல் வரியை எழுதுமுன் முதற்பாகத்தை எடுத்து மீண்டும் ஒருமுறை படியுங்கள். அங்கே நீங்கள் கேட்ட வினாவை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டி வையுங்கள். தலைவன் சாகட்டும், வாழட்டும், முடி சூடட்டும், காடு போகட்டும். அந்தத் தாளில் உள்ள வினாவுக்கு விடை எழுதினீர்களா என்பதே கேள்வி.

மூன்று நூல்களையும் தங்கை மகளிடம் திருப்பிக் கொடுத்தபொழுது இவற்றையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பின்பு, "அப்படியானால் மதுராந்தகனுக்கு முடி சூட்டியபின் அருள்மொழி அத்தனை ஆண்டும் என்ன நினைத்துக்கொண்டு இருந்திருப்பான், மாமா?" என்று கேட்டாள். அதை எழுதுவோர் யாரேனும் உண்டா என்று நானும் காத்திருக்கிறேன்.